வி.ஏ. லோனில் வீடு வாங்கப் போகிறீர்களா? முதலில் சி.ஓ.இ.யைக் கையில் வாங்குங்கள்

2008இல் அமெரிக்க ராணுவம் 'மாவ்னி' என்ற திட்டத்தை அறிவித்தபோது, அவர்களுக்குத் தேவைப்பட்ட மொழிகளின் பட்டியலில் தமிழும் இருந்தது. படிக்க வந்தவர்கள், வேலை விசாவில் இருந்தவர்கள் சிலர் அந்த வழியாகப் படையில் சேர்ந்து குடியுரிமை பெற்றார்கள். 2016இல் புதிய சேர்க்கை நின்றுவிட்டது. அப்படிச் சேர்ந்தவர்களில் பலர் இப்போது சீருடையைக் கழற்றிவிட்டு, குழந்தை குட்டியோடு வீடு தேடுகிறார்கள். என் கணவரும் அவர்களில் ஒருவர். சான் அன்டோனியோ பக்கம் வீடு வாங்கினோம். காகித வேலை முழுவதையும் பார்த்தது நான் என்பதால் இதை எழுதுகிறேன். படையில் இருந்தவர்களுக்கு வி.ஏ., அதாவது அமெரிக்க அரசின் முன்னாள் படையினர் நலத்துறை, தரும் இந்த வீட்டுக் கடன் சலுகையைத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் பாதிதான் புரிந்துவைத்திருக்கிறார்கள், அதனால் பணமும் போகிறது.

கிரெடிட் ஸ்கோர், பே ஸ்டப், டபிள்யூ-2 எல்லாம் எந்த ஹோம் லோனுக்கும் கேட்பதுதான், அதற்குள் போகவில்லை.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வி.ஏ. உங்களுக்குக் கடன் கொடுப்பதில்லை. கடன் கொடுப்பது வங்கியோ மார்ட்கேஜ் கம்பெனியோதான். நீங்கள் கட்டத் தவறினால் கடனில் ஒரு பங்கை, பெரும்பாலும் 25 சதவீதத்தை, தான் ஏற்பதாக வி.ஏ. உத்தரவாதம் தருகிறது. 1944இல் வந்த ஜி.ஐ. பில்லில் தொடங்கிய ஏற்பாடு இது. அந்த உத்தரவாதம் இருப்பதால்தான் டவுன் பேமென்ட் இல்லாமலும், மாதாமாதம் பி.எம்.ஐ. (முன்பணம் குறைவாகப் போடுபவர்களிடம் கேட்கும் கடன் காப்பீடு) கட்டாமலும் வாங்க முடிகிறது. ஆனால் வட்டியையும் கட்டணத்தையும் வைப்பது லெண்டர். ஆகவே ஒரே ஆளுக்கு, ஒரே நாளில், இரண்டு லெண்டர்கள் வெவ்வேறு விலை சொல்வார்கள்.

படி 1: சி.ஓ.இ.

தகுதிச் சான்றிதழ் இது. லெண்டரே எடுத்துத் தருகிறேன் என்பார். எடுக்கவும் முடியும், சில நிமிட வேலைதான். ஆனாலும் வி.ஏ. இணையதளத்தில் நீங்களே எடுங்கள் என்பது என் பிடிவாதமான கருத்து. அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று லெண்டருக்கு முன்னால் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

படையை விட்டு வந்தவர்களுக்கு டி.டி.214 என்ற விடுவிப்புச் சான்று வேண்டும். எந்த வகையில் விடுவிக்கப்பட்டார் என்ற விவரம் உள்ள 'மெம்பர் 4' நகலைத் தேடி எடுங்கள். இன்னும் பணியில் இருப்பவர்கள் யூனிட்டிலிருந்து 'ஸ்டேட்மென்ட் ஆஃப் சர்வீஸ்' கடிதம் வாங்க வேண்டும்.

1990 ஆகஸ்டுக்குப் பிறகு முழுநேரப் பணியில் இருந்தவர்களுக்குப் பொதுவான விதி, தொடர்ந்து 24 மாதம். படையிலேயே ஏற்பட்ட உடல் பாதிப்பால் முன்கூட்டியே அனுப்பப்பட்டிருந்தால் இந்தக் கணக்கு கிடையாது. மாவ்னியில் சேர்ந்தவர்களில் நிறைய பேர் ஆர்மி ரிசர்வுக்குப் போனவர்கள். அவர்கள் கவனிக்க வேண்டியது: பேசிக் ட்ரெய்னிங், ஏ.ஐ.டி. போன்ற பயிற்சி நாட்கள் இதில் சேராது. பயிற்சி அல்லாத பணிக்கு அழைக்கப்படாத ரிசர்விஸ்ட் என்றால் ஆறு ஆண்டு சேவை முடிந்திருக்க வேண்டும், அதற்கு ஆதாரம் வருடாந்திர ரிட்டயர்மென்ட் பாயின்ட்ஸ் அறிக்கை.

எங்களுக்குச் சிக்கல் வந்தது சான்றிதழ் வந்த பிறகுதான். அதில் 'பேசிக் என்டைட்டில்மென்ட் 36,000 டாலர்' என்று அச்சிட்டிருந்தது. என்டைட்டில்மென்ட் என்றால் உங்களுக்காக வி.ஏ. உத்தரவாதம் தரும் தொகை. நாங்கள் பேசிய முதல் லோன் ஆபீசர் அதை நான்கால் பெருக்கி, உங்களுக்கு 1,44,000 டாலர்வரைதான் டவுன் பேமென்ட் இல்லாமல் கிடைக்கும், மிச்சத்துக்குக் கையிலிருந்து போடுங்கள் என்றார். சான் அன்டோனியோவில் அந்த விலைக்கு எங்களுக்கேற்ற வீடு எங்கே இருக்கிறது? வீடு தேடுவதையே நிறுத்திவிடலாமா என்றுகூடப் பேசினோம்.

அந்த 36,000 பழைய சட்டத்தின் மிச்சம். முன்பு வி.ஏ. லோனே எடுக்காதவர், அல்லது எடுத்து அடைத்து என்டைட்டில்மென்டைத் திரும்பப் பெற்றவர் என்றால், அந்த எண் இருந்தாலே உங்களுக்கு முழு என்டைட்டில்மென்ட் இருக்கிறது என்று பொருள். 2020 ஜனவரி 1 முதல் முழு என்டைட்டில்மென்ட் உள்ளவருக்கு வி.ஏ. எந்த உச்சவரம்பும் வைப்பதில்லை. உங்கள் வருமானத்துக்கு லெண்டர் எவ்வளவு தரச் சம்மதிக்கிறாரோ அவ்வளவு. உங்கள் லோன் ஆபீசர் 1,44,000 என்று சொன்னால், அவரோடு வாதாட வேண்டாம், வேறு ஆளைப் பாருங்கள். வி.ஏ. லோன் அடிக்கடி செய்பவர் அப்படிச் சொல்லமாட்டார்.

பழைய வீட்டை விற்காமல் வாடகைக்கு விட்டுவிட்டு இன்னொரு வீடு வாங்குபவர்களுக்குத்தான் உச்சவரம்புக் கணக்கு வரும். 2025இல் பெரும்பாலான கவுண்டிகளில் வரம்பு 8,06,500 டாலர். அதில் கால் பங்கு 2,01,625. பழைய லோன் 2,40,000 என்று வையுங்கள், அதில் கால் பங்கான 60,000 ஏற்கெனவே பூட்டப்பட்டுவிட்டது. மிச்சம் 1,41,625. அதை நான்கால் பெருக்கினால் 5,66,500. அதுவரை டவுன் பேமென்ட் வேண்டாம். 6 லட்சத்துக்கு வீடு பிடித்திருந்தால், கூடுதலாக வரும் 33,500க்குக் கால் பங்கு, அதாவது 8,375 டாலர், நீங்கள் போட வேண்டும். வரம்பு ஆண்டுதோறும் மாறும். வாங்கும் வருடத்தின் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 2: ஃபண்டிங் ஃபீ

பி.எம்.ஐ. இல்லை என்று மகிழும்போது, வி.ஏ.வுக்கு ஒருமுறை கட்ட வேண்டிய இந்தக் கட்டணத்தை மறந்துவிடுகிறார்கள். டவுன் பேமென்ட் இல்லாமல் முதல்முறை வாங்கினால் கடனில் 2.15%. இரண்டாம் முறையிலிருந்து 3.3%. நான்கு லட்சம் டாலர் கடனுக்கு முதல்முறை 8,600, அடுத்தமுறை 13,200. ஐந்து சதவீதம் முன்பணம் போட்டால் 1.5%, பத்து சதவீதம் போட்டால் 1.25%. இதைக் கடனோடு சேர்த்துக்கொள்ளலாம், சேர்த்தால் அதற்கும் வட்டி.

சேவையில் ஏற்பட்ட உடல் பாதிப்புக்கு வி.ஏ. இழப்பீடு பெறுபவர் இந்தக் கட்டணத்தைக் கட்டவே வேண்டாம். பத்து சதவீத ரேட்டிங் (உடல் பாதிப்புக்கு வி.ஏ. போடும் அளவு) போதும். முழங்கால் வலி, காதில் ரீங்காரம் என்று இருந்தும் 'நமக்கெதற்கு' என்று விண்ணப்பிக்காமல் விட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அது பிச்சை அல்ல, உழைத்த உடம்புக்கு அரசு ஒப்புக்கொண்ட கடன். வீடு தேடும் முன்பே விண்ணப்பியுங்கள். சி.ஓ.இ.யில் 'எக்ஸெம்ப்ட்' என்று வந்திருக்கிறதா பாருங்கள். முடிவு வருவதற்குள் குளோசிங் (வீடு உங்கள் பெயருக்கு மாறும் கடைசிக் கையெழுத்து) ஆகிவிட்டால், ரேட்டிங் அமலாகும் தேதி குளோசிங் தேதிக்கு முந்தையதாக இருக்கும்பட்சத்தில் கட்டணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

படி 3: வேறு வழி ஏதாவது மலிவா?

எஃப்.எச்.ஏ. என்ற அரசு அமைப்பு காப்பீடு செய்யும் லோனில் 3.5% முன்பணம், தொடக்கத்தில் 1.75% இன்ஷூரன்ஸ், அதற்கு மேல் வருடாவருடமும் ஒரு தொகை. வி.ஏ. தகுதி உள்ளவருக்கு அதில் பெரும்பாலும் ஆதாயமில்லை. கையில் 20% முன்பணம் இருந்து, ஸ்கோரும் நன்றாக இருந்து, ஃபண்டிங் ஃபீயில் விலக்கு இல்லை என்றால் மட்டும் அரசு உத்தரவாதம் இல்லாத கன்வென்ஷனல் லோனையும் விலை கேளுங்கள். டெக்சாஸில் இருப்பவர்கள் மாநிலத்தின் வெட்டரன்ஸ் லேண்ட் போர்டையும் விட்டுவிடாதீர்கள், 30 சதவீதமோ அதற்கு மேலோ ரேட்டிங் உள்ளவர்களுக்கு அங்கே வட்டியில் தள்ளுபடி உண்டு.

படி 4: மாதச் செலவு போக மிஞ்சுவது

மற்ற லோன்களில் வருமானத்தில் கடன் எத்தனை சதவீதம் என்று பார்ப்பார்கள். வி.ஏ.யும் 41% என்ற அளவுகோலை வைத்திருக்கிறது. ஆனால் உண்மையில் அது உற்றுப் பார்ப்பது 'ரெசிடுவல் இன்கம்'. வருமான வரி, வீட்டுத் தவணை, சொத்து வரி, இன்ஷூரன்ஸ், கார் லோன், டேகேர் எல்லாம் போக, சாப்பாட்டுக்கும் பெட்ரோலுக்கும் கையில் என்ன நிற்கிறது என்ற கணக்கு. வீட்டுப் பராமரிப்புக்கும் கரண்ட், தண்ணீருக்கும் சதுர அடிக்கு 14 சென்ட் கழிப்பார்கள். 2,400 சதுர அடி என்றால் மாதம் 336 டாலர். தென் மாநிலங்களில் நான்கு பேர் குடும்பத்துக்கு 1,003 டாலராவது மிஞ்ச வேண்டும். 41%ஐத் தாண்டினால் அதைவிட இன்னும் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக எதிர்பார்ப்பார்கள். எனக்கு இந்தக் கணக்கு பிடிக்கும். இது குடும்பம் நடத்துபவர் போடும் கணக்கு.

நம்மவர்களுக்கு இதில் இரண்டு இடங்களில் தடுக்கும். கிரீன் கார்டில் வந்து உங்களோடு வசிக்கும் அப்பா அம்மாவும் குடும்ப எண்ணிக்கையில் சேருவார்கள். இன்னொன்று, டெக்சாஸ், கலிஃபோர்னியா, வாஷிங்டன், அரிசோனா போன்றவை கம்யூனிட்டி பிராப்பர்ட்டி மாநிலங்கள், அதாவது கணவன் மனைவியின் சொத்தையும் கடனையும் பொதுவாகப் பார்ப்பவை. அங்கே மனைவி லோனில் கையெழுத்தே போடாவிட்டாலும் அவர் பெயரில் உள்ள கடன்களும் கணக்கில் வரும். ஸ்கோரைப் பார்க்கமாட்டார்கள், கடனை மட்டும் பார்ப்பார்கள். என் பெயரில் இருந்த ஸ்டூடன்ட் லோன் இப்படித்தான் எங்கள் கணக்குக்குள் வந்தது. ஸ்டூடன்ட் லோனுக்கு மொத்த பாக்கியில் 5%ஐப் பன்னிரண்டால் வகுப்பார்கள். 60,000 பாக்கி என்றால் மாதம் 250. நீங்கள் உண்மையில் கட்டுவது அதைவிடக் குறைவு என்றால், கடன் நிறுவனத்திடம் தவணை விவரத்தோடு ஒரு கடிதம் வாங்கிக் கொடுங்கள். அது குளோசிங்குக்கு முந்தைய 60 நாளுக்குள் தேதியிட்டதாக இருக்க வேண்டும்.

படி 5: லோன் எஸ்டிமேட்டை ஒப்பிடுவது

வட்டியையும் கட்டணத்தையும் லெண்டர் எழுதித் தரும் தாள் இது. குறைந்தது மூன்று பேரிடம் வாங்குங்கள். ஒருவர் கிரெடிட் யூனியன், ஒருவர் பெரிய வி.ஏ. லெண்டர், ஒருவர் உள்ளூர் புரோக்கர் என்று இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் கேளுங்கள், வட்டி தினமும் அசையும். ஆன்லைன் கால்குலேட்டர்களை நான் நம்புவதில்லை, சாதாரண ஸ்ப்ரெட்ஷீட் போதும். பார்க்க வேண்டியது இரண்டாம் பக்கத்தில் உள்ள 'ஏ' பிரிவு. வி.ஏ. லோனில் லெண்டர் தன் சேவைக் கட்டணமாக 1%க்கு மேல் வாங்கக் கூடாது. ஆனால் வட்டியைக் குறைக்க முன்கூட்டியே கட்டும் டிஸ்கவுன்ட் பாயின்ட் அதில் அடங்காது. குறைந்த வட்டி என்று விளம்பரம் செய்பவர் இரண்டு பாயின்டை அங்கே வைத்திருப்பார். பாயின்ட் இல்லாமல் வட்டி என்ன என்று எல்லாரிடமும் கேட்டால்தான் ஒப்பிட முடியும்.

புதிதாகக் கட்டிய வீடு என்றால் சொத்து வரியையும் பாருங்கள். டெக்சாஸில் ஜனவரி 1 அன்று இருந்த நிலைக்குத்தான் வரி. அன்று வெறும் மனையாக இருந்திருந்தால் முதல் வருடம் வரி சொற்பமாக வரும். அடுத்த வருடம் வீட்டுக்கும் சேர்த்து வந்ததும் எஸ்க்ரோவில் (வரிக்கும் இன்ஷூரன்ஸுக்கும் உங்கள் தவணையிலிருந்து சேர்த்துவைக்கும் கணக்கு) பள்ளம் விழுந்து மாதத் தவணை ஏறிவிடும். முழு வீட்டுக்கான வரியை வைத்தே கணக்குப் போடச் சொல்லுங்கள். 100% ரேட்டிங் உள்ளவருக்கு டெக்சாஸில் குடியிருக்கும் வீட்டுக்குச் சொத்து வரியே இல்லை, அதை லெண்டருக்கு முன்பே தெரிவித்தால் உங்கள் தகுதித் தொகை கூடும்.

படி 6: அப்ரைசல்

மதிப்பீட்டாளரை வி.ஏ. நியமிக்கும். லெண்டரோ நீங்களோ தேர்ந்தெடுக்க முடியாது. விலையோடு, வீடு பாதுகாப்பாகக் குடியிருக்கத் தக்கதா என்றும் பார்ப்பார். 1978க்கு முன் கட்டிய வீட்டில் உரிந்த பெயின்ட், ஒழுகும் கூரை எல்லாம் சரிசெய்யும்வரை லோன் நகராது. மதிப்பு குறைவாக வரும் என்று தோன்றினால் அவர் முன்கூட்டியே தகவல் சொல்வார். இதற்கு 'டைட்வாட்டர்' என்று பெயர். அக்கம்பக்கத்தில் விற்ற வீடுகளின் விவரத்தைக் கொடுக்க உங்கள் தரப்புக்கு இரண்டு வேலை நாள்தான் கிடைக்கும். உங்கள் ஏஜென்ட் அந்தப் பட்டியலை முன்பே தயாராக வைத்திருக்கட்டும். இதற்குப் பிறகும் மதிப்பு விலையைவிடக் குறைந்தால், ஒப்பந்தத்தில் உள்ள எஸ்கேப் கிளாஸ் என்ற விதிப்படி, நீங்கள் கட்டிய எர்னெஸ்ட் பணத்தை (அச்சாரத்தை) இழக்காமல் விலகலாம். ஆனால் இது ஹோம் இன்ஸ்பெக்‌ஷன் அல்ல. அதைத் தனியாகச் செய்யுங்கள், அந்தச் செலவில் சிக்கனம் வேண்டாம்.

குளோசிங் முடிந்து 60 நாளுக்குள் குடிபோக வேண்டும். கணவர் வெளியூரில் பணியில் இருந்தால் மனைவி குடியிருந்தாலும் போதும்.

பின்சேர்க்கை 1: வீடு வாங்கிய சில வாரத்திலேயே 'வி.ஏ. ரீஃபைனான்ஸ், இறுதி அறிவிப்பு' என்று அரசுக் கடிதம் போலவே தபால் வருகிறதே என்று பலர் கேட்டிருந்தீர்கள். அவை தனியார் லெண்டர்களின் விளம்பரம். வட்டி குறைக்கும் ரீஃபைனான்ஸுக்கு ஆறு தவணையாவது கட்டியிருக்க வேண்டும், முதல் தவணையிலிருந்து 210 நாளாவது ஆகியிருக்க வேண்டும், செலவு 36 மாதத்துக்குள் மீள வேண்டும். இந்த மூன்றையும் சொல்லாத கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள்.

பின்சேர்க்கை 2: எச்-1பியில் இருக்கும் நண்பர் ஒருவர், 2021இல் குறைந்த வட்டிக்கு எடுத்த எங்கள் தோழி வீட்டு வி.ஏ. லோனை அப்படியே தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டார். முடியும், வாங்குபவர் படையில் இருந்திருக்க வேண்டியதில்லை. லெண்டர் அவருடைய வருமானத்தைப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும், ஃபண்டிங் ஃபீ 0.5%. விலைக்கும் கடன் பாக்கிக்கும் உள்ள வித்தியாசத்தை அவர் ரொக்கமாகவோ வேறு கடனாகவோ கொண்டுவர வேண்டும். விற்பவர்தான் யோசிக்க வேண்டும். தன் என்டைட்டில்மென்டைக் கொடுத்து மாற்றிக்கொள்ளும் இன்னொரு வெட்டரன் வாங்கினால் தவிர, அந்த லோன் அடையும்வரை தோழியுடைய கணவரின் என்டைட்டில்மென்ட் அந்த வீட்டிலேயே மாட்டிக்கொண்டிருக்கும். அடுத்த வீட்டுக்கு மேலே சொன்ன மிச்சக் கணக்குதான். அதற்கு ஒப்புக்கொண்டால், கடன் பொறுப்பிலிருந்து விடுவிக்கும் 'ரிலீஸ் ஆஃப் லயபிலிட்டி' கடிதத்தைக் குளோசிங் நாளன்றே எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். அது இல்லாமல் வீட்டுச் சாவியைக் கொடுக்க வேண்டாம்.