ஒரே டேம், ரெண்டு டிவி: நியூஸ் பாக்கும்போது நாம பண்ற தப்புங்க

எங்க ஊரு கம்பம். அம்மா இங்க, அம்மாவோட தங்கச்சி, அதாவது எங்க சித்தி, மலைக்கு அந்தப் பக்கம் வண்டிப்பெரியாறுல. சித்தப்பா குடும்பம் தலைமுறை தலைமுறையா எஸ்டேட்ல இருக்கிறவங்க, வீட்ல பேசுறது தமிழ், டிவில ஓடுறது மலையாளம். நடுவுல நாப்பது கிலோமீட்டர் வராது, ஆனா 2011 டிசம்பர்ல முல்லைப் பெரியாறு டேம் சண்டையில அது வேற நாடு மாதிரி ஆயிருச்சு. டேம் இருக்கிறது கேரளாவுல, தண்ணி வர்றது எங்களுக்கு; பழசாயிருச்சு, இடிச்சுட்டு புதுசு கட்டணும்னு அவங்க, கூடாதுன்னு நாங்க. குமுளி ரோடு மூடியாச்சு, தோட்டத்துக்குப் போற ஜீப் எல்லாம் நின்னுருச்சு, வேலைக்குப் போனவங்க காட்டுப் பாதைல இறங்கி வந்துட்டு இருக்காங்க. அப்ப அக்காவும் தங்கச்சியும் போன்ல பேசினத நான் பக்கத்துல உக்காந்து கேட்டேன்.

"டேம இடிச்சுப்போட்டு நம்ம வாயில மண்ணப் போடப் போறாங்களாம்ல?" இது அம்மா.

"அக்கா, நாங்க தூங்கியே நாலு நாளாச்சு. துணிமணிய மூட்ட கட்டி வாசல்ல வச்சிருக்கோம்." இது சித்தி.

ரெண்டு பேரும் அவங்கவங்க டிவி சொன்னதத்தான் சொன்னாங்க. போன வச்சதும் அம்மா என்கிட்ட, "பாவம்டா, அந்த டிவியப் பாத்து பயந்து கெடக்கா"ன்னு சொல்லுச்சு. சித்தியும் அங்க சித்தப்பாகிட்ட இதையேதான் சொல்லியிருக்காங்க, ரொம்ப நாள் கழிச்சு ஒரு கல்யாணத்துல சொல்லித் தெரிஞ்சுது.

அன்னைல இருந்து ரெண்டு மொழி நியூசும் மாத்தி மாத்திப் பாக்குறது எனக்கு ஒரு பழக்கமாவே போச்சு. பாத்துப் பாத்து சானல்காரங்க மேல இருக்கிற கோவத்த விட நாம எப்படிப் பாக்குறோம்ங்கிறதுலதான் கோளாறு நெறையான்னு தோணுது, அதத்தான் எழுதுறேன். முல்லைப் பெரியாறையே உதாரணமா வச்சுக்கிறேன், எனக்குத் தெரிஞ்சது அதான்.

பெரிய தப்பு, திரையில ஓடுற படத்த இன்னைக்கு எடுத்த படம்னு நெனைக்கிறது. முல்லைப் பெரியாறு டேம் பெரியார் புலிகள் சரணாலயத்துக்குள்ள இருக்கு, நெனச்ச நேரத்துக்கு கேமராவ தூக்கிட்டு அங்க போயிற முடியாது, அனுமதி வாங்கணும், படகுலயோ வனத்துறை பாதையிலயோதான் போகணும். ஆனா டிவிக்கு தினம் படம் வேணும். அதனால பழைய ஃபைல் ஷாட்டத் திரும்பத் திரும்ப ஓட்டுவாங்க, அதுவும் இல்லன்னா வேற டேம். செறுதோணியில ஷட்டர் தெறந்து தண்ணி பொங்கி விழுற காட்சிய முல்லைப் பெரியாறு செய்திக்கு ஓட்டினத நானே ரெண்டு மூணு தடவ பாத்திருக்கேன், செறுதோணி இடுக்கி அணையோட சேந்தது, இதுக்கும் அதுக்கும் எவ்வளவோ தூரம். 'கோப்புக் காட்சி'ன்னு மூலையில போடணும், சில பேரு போடுவாங்க, போட்டாலும் எறும்பு சைஸ்ல. ஓரத்துல அந்த எழுத்து இல்லன்னா பழசுன்னே வச்சுக்கங்க, தப்பா போனாலும் நஷ்டம் இல்ல.

அடுத்தது நம்பரோட அளவு. 2021 அக்டோபர் 29ந் தேதி முல்லைப் பெரியாறுல ரெண்டு ஷட்டர தெறந்தாங்க, 35 சென்டிமீட்டர் தூக்கினாங்க, விநாடிக்கு 534 கனஅடி வெளிய போச்சு. ஒரு கனஅடி 28.3 லிட்டர். அப்ப இதையே "விநாடிக்கு 15 ஆயிரம் லிட்டர் பாயுது"ன்னும் சொல்லலாம், பொய் கெடையாது, ஆனா கேக்குறவனுக்கு வயித்தக் கலக்கும். சித்தி போன் பண்ணி பதறுனப்ப, "சித்தி, எங்க பக்கம் லோயர் கேம்புக்கு டனல்ல வர்ற தண்ணியே சில நாள் ரெண்டாயிரம் கனஅடிக்கு மேல, இது அதுல கால்வாசிதான்"னு சொன்னேன், கொஞ்சம் ஆசுவாசமாச்சு. அதுக்காக பயமே தேவையில்லன்னு அர்த்தம் இல்ல, ஆத்தங்கரையில வீடு இருக்கிறவங்களுக்கு ராத்திரி சொல்லாம கொள்ளாம தெறந்தா நூறு கனஅடியும் பிரச்சனைதான், அது வேற நியாயம். நம்பரு ஒண்ணு பெருசா தெரிஞ்சா அது எந்த அளவுல சொல்றாங்க, நேத்து எவ்வளவு, வழக்கமா எவ்வளவுன்னு மூணு கேள்வி கேட்டுட்டு அப்புறம் பயப்படுங்க.

நீர்மட்டமும் இப்படித்தான். 136 அடி ஆச்சுன்னா முதல் எச்சரிக்கைன்னு செவப்புல ஓடும். 142 வரைக்கும் தேக்கலாம்னு சுப்ரீம் கோர்ட் 2006லயும் அப்புறம் 2014 மே 7லயும் சொல்லியிருக்கு, நடுவுல கேரளா போட்ட சட்டத்த செல்லாதுன்னும் சொல்லுச்சு. இப்ப ரூல் கர்வ்னு ஒண்ணு இருக்கு, எந்தெந்த நாள்ல எவ்வளவு தேக்கலாம்னு ஒரு அட்டவணை, அது சீசனுக்கு சீசன் மாறும். இந்த அட்டவணையப் பத்தி ஒரு வரி சொன்னா பாதி பதட்டம் போயிரும், எங்க சானல்லயும் அவங்க சானல்லயும் அந்த ஒரு வரிக்குத்தான் நேரமே இருக்காது.

கேள்விக்குறி போட்ட தலைப்ப செய்தின்னு எடுத்துக்காதீங்க. 'உடையுமா அணை?' 'பறிபோகுமா உரிமை?' கேட்டது அவன், பதில் நம்ம தலைக்குள்ள நாமளே எழுதிக்கிறோம். கேஸ் போட்டாலும் "நாங்க கேள்விதான கேட்டோம்"னு போயிருவாங்க. அவ்ளோதான் அதுக்கு.

விவாத நிகழ்ச்சி பத்திச் சொல்லணும்னா கொஞ்சம் நெறையா சொல்லணும். நாலு கட்டம், நாலு தலை, நடுவுல நெறியாளர். கத்துறது எல்லாருக்கும் தெரிஞ்ச குறைதான், அத விடுங்க. யாரு உக்காந்திருக்காங்கன்னு எண்ணுறோமே, யாரு உக்காரலன்னு எண்ணியிருக்கோமா? டேம் பத்தின விவாதம்னா எங்க பக்கம் கட்சிக்காரர் மூணு பேரு, ஒரு விவசாய சங்கத் தலைவர். அங்கயும் கட்சிக்காரர் மூணு பேரு, புது டேம் கேட்டுப் போராடுற சமர சமிதிக்காரர் ஒருத்தர். அணை கட்டுமானம் தெரிஞ்ச ஒரு இன்ஜினியர், தண்ணியளவு படிச்ச ஒருத்தர், வண்டிப்பெரியாறுல ஆத்தோரம் குடியிருக்கிற ஒரு தொழிலாளி, இவங்கள நான் பாத்த வரைக்கும் ரெண்டு பக்கமும் அபூர்வமாத்தான் கூப்பிடுறாங்க. எஸ்டேட் தமிழனுக்கு ரெண்டு டிவியிலயும் நாற்காலி கெடையாது, அவனப் பத்தி ரெண்டு பேரும் பேசுவாங்க, அது மட்டும் உண்டு. காசு கணக்கும் இருக்கு இதுல. ஒரு ரிப்போர்ட்டர மலைக்கு அனுப்பி நாலு நாள் தங்க வச்சு செய்தி எடுக்கிற செலவவிட நாலு பேர ஸ்டுடியோவுல உக்கார வச்சு ஒரு மணி நேரம் ஓட்டுறது சல்லிசு. செய்தி கொறஞ்சு பேச்சு கூடிப் போனதுக்கு பாதி காரணம் இதுதான்னு நான் நெனைக்கிறேன்.

மீதிப் பாதி டிஆர்பி. நாடு முழுக்க 20 கோடிக்கு மேல டிவி இருக்கிற வீடு, அதுல 2020 வாக்குல மீட்டர் வச்சு அளந்தது 44 ஆயிரம் வீடு சொச்சம். மாதிரிக் கணக்குன்னா அப்படித்தான், அது தப்பில்ல, ஆனா கொஞ்சம் பேரு மட்டும் பாக்குற நியூஸ் சானலுக்கு பத்து வீடு மாறினாலே ரேங்க் மாறிரும், அங்கதான் கோல்மால் நுழையுது. 2020 அக்டோபர்ல மும்பை போலீஸ் டிஆர்பி மோசடின்னு கேஸ் எடுத்ததும், இந்த மீட்டர் வச்சு அளக்குற பார்க் நிறுவனம் நியூஸ் சானலோட வாராந்திர ரேட்டிங்க நிறுத்தி வச்சுது, திரும்ப வந்தது 2022 மார்ச்லதான். சரி, ஒன்றரை வருஷம் ரேட்டிங் இல்லாம இருந்தப்ப கத்துறது கொறஞ்சுச்சா? எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல. இந்த ரேஸ் எங்க கொண்டு போய் விடும்னா, 2017 மார்ச்ல கேரளாவுல ஒரு புது சானல் தொடங்குன அன்னைக்கே ஒரு மந்திரி போன்ல பேசினதுன்னு ஆபாச ஆடியோ போட்டாங்க, மந்திரி அன்னைக்கே ராஜினாமா, உதவி கேட்டு வந்த பொம்பளைகிட்ட பேசினதுன்னாங்க, நாலே நாள்ல அது எங்க ரிப்போர்ட்டர வச்சு எடுத்ததுதான்னு அவங்களே ஒத்துக்கிட்டு மன்னிப்பு கேட்டாங்க. மன்னிப்பு கேட்டத எத்தன பேரு பாத்தாங்கன்னு நெனைக்கிறீங்க.

இப்ப எனக்கே ரொம்ப நாள் இருந்த தப்பு ஒண்ணு. எந்த சானல் எந்தக் கட்சின்னு நமக்குத்தான் தெரியுமே, அதனால நாம ஏமாற மாட்டோம்னு ஒரு மெதப்பு. கலைஞர் டிவி, ஜெயா டிவி, நியூஸ் ஜெ யாருதுன்னு கம்பத்துல சின்னப் புள்ளையும் சொல்லும். அந்தப் பக்கம் கைரளி மார்க்சிஸ்ட், ஜெய்ஹிந்த் காங்கிரஸ், ஜனம் பிஜேபி பக்கம்னு சித்தப்பா சொல்லுவாரு. ஆனா சாய்வுங்கிறது சொல்றதுல மட்டும் இல்லையே, சொல்லாம விடுறதுல இருக்கு, அத எப்படிக் கண்டுபிடிப்பீங்க? கேரளா அரசு பல வருஷமா சொல்றது "தமிழ்நாட்டுக்குத் தண்ணி, கேரளாவுக்குப் பாதுகாப்பு". இதுல முதல் பாதி எங்க ஊர் டிவியில வந்து நான் பாத்ததே அபூர்வம், புது டேம்னா தண்ணிய நிறுத்துறதுன்னுதான் எங்களுக்குத் தெரியும். அதே மாதிரி நீதிபதி ஆனந்த் தலைமையில இருந்த குழு 2012ல அணை பாதுகாப்பா இருக்குன்னு அறிக்கை குடுத்துச்சு, 1980கள்ல இருந்து கான்கிரீட் போர்வை, கேபிள் ஆங்கர்னு பலப்படுத்தின வேலை நடந்துச்சு, இதெல்லாம் சித்தி பாக்குற டிவியில வந்ததா சித்திக்கு ஞாபகமே இல்ல. அங்க தெரிஞ்சது 1895ல சுண்ணாம்பும் சுர்க்கிங்கிற செங்கல் பொடியும் வச்சுக் கட்டின டேம்ங்கிறது மட்டும். இதுக்கு கட்சி சானல்தான்னு இல்ல, நடுநிலைன்னு பேரெடுத்த சானலும் மொழின்னு வந்தா ஒரு பக்கம்தான். கட்சிச் சாய்வு பாத்துப் பாத்து கண்ணு பழகிருச்சு, நம்ம ஊர்ச் சாய்வு மட்டும் நமக்கு நியாயமாவே தெரியுது.

அதுக்குன்னு ரெண்டு பக்கத்தையும் பாத்துட்டு நடுவுல ஒரு கோடு போட்டா அதான் உண்மைன்னு நெனைக்கிறதும் தப்பு. இவன் உடையும்ங்கிறான், அவன் உடையாதுங்கிறான், அப்ப பாதி உடையுமா? 2018 ஆகஸ்ட் வெள்ளத்தப்ப கேரளா அரசு, தமிழ்நாடு திடீர்னு தெறந்துவிட்டதும் ஒரு காரணம்னு கோர்ட்ல சொன்னாங்க, தமிழ்நாடு இல்லன்னாங்க. ஒரு மாசம் ரெண்டு மொழியிலயும் இதே சண்டை. மத்திய நீர் ஆணையம் அறிக்கை வந்தப்ப வெள்ளத்துக்குக் காரணம் அளவுக்கு மீறின மழைன்னு இருந்துச்சு. அந்த அறிக்கைய விவாதம் பண்ண எத்தன சானல் ஒரு மணி நேரம் ஒதுக்குச்சுங்கிறீங்க? ரெண்டு டிவி பாக்குறது எதுக்குன்னா, எந்த எடத்துல ரெண்டும் முரண்படுதுன்னு தெரிஞ்சுக்க. தெரிஞ்ச அப்புறம் அந்த எடத்துக்கு மட்டும் தீர்ப்பையோ அறிக்கையையோ தேடிப் போகணும், நீர்மட்டம்னா நீர்வளத்துறை தினமும் குடுக்கிற கணக்கப் பாக்கணும்.

எக்சிட் போல் பத்தி ஒரு வரி. 2024 பார்லிமெண்ட் எலக்சன்ல பல பேரு ஆளுங்கட்சிக் கூட்டணிக்கு 350க்கு மேலன்னாங்க, வந்தது 293. மூணு நாள் பொறுத்தா உண்மை நம்பரே வந்துரும், அதுக்குள்ள வீட்ல சண்ட எதுக்கு.

டிவியிலருந்து வெட்டின 20 செகண்ட் துண்டு வாட்ஸ்அப்ல வந்தா சானல் லோகோ இருக்குன்னு நம்பி அனுப்பாதீங்க. லோகோ ஒட்டுறதுக்கு ஒரு நிமிஷம் ஆகாது, நெசமான துண்டா இருந்தாலும் எந்த வருஷத்துதுன்னு தெரியாது. 2024ல வயநாடு நிலச்சரிவுக்கு அடுத்த வாரம் எங்க குடும்ப குரூப்புக்கு வந்த டேம் வீடியோல பாதி 2011, 2018 சமாச்சாரம்.

கடைசியா, தப்புன்னு கண்டுபிடிச்சா டிவியத் திட்டிட்டு சும்மா இருந்துருறது. எங்க மாமா ஒருத்தரு கம்பம் பக்கத்துக் கூடலூர்ல நெல்லு போடுறவரு. லோயர் கேம்ப் பென்னிகுக் மணிமண்டபத்துகிட்ட ஒரு சானல்காரங்க அவருகிட்ட பைட் எடுத்தாங்க. இருவது நிமிஷம் பேசினாரு, மேல இருக்கிறவனும் நம்ம ஆளுதான், அவன் உசுரும் முக்கியம், எங்க தண்ணியும் முக்கியம்னு பொறுமையா சொன்னாரு. நடுவுல ஒரு எடத்துல மட்டும் "தண்ணிய நிறுத்துனா ஒரு பால் வண்டி மேல ஏறாது"ன்னு கோவத்துல ஒரு வார்த்த. சாயங்காலம் ஓடுனது அந்த ஒரு வார்த்ததான், பின்னாடி மியூசிக் வேற. சித்தப்பா வீட்ல அத அங்க ஒரு சானல் எடுத்துப் போட்டதப் பாத்துட்டு, "மச்சான் ஏன் இப்படிப் பேசினாரு"ன்னு கேட்டு போன்.

இதுக்கு வழி இருக்கு. ஒளிபரப்பான ஏழு நாளைக்குள்ள சானலுக்கே எழுத்துல புகார் குடுக்கணும், பதில் சரியில்லன்னா நியூஸ் சானல்காரங்க சங்கம் வச்சிருக்கிற என்பிடிஎஸ்ஏன்னு ஒரு புகார் அமைப்பு இருக்கு, உறுப்பினரா இருக்கிற சானல் மேல மட்டும் அங்க போகலாம். தேதி, நேரம், நிகழ்ச்சி பேரு இருந்தாதான் எடுப்பாங்க, யூடியூப் லிங்க் கெடச்சா உடனே எடுத்து வச்சுக்கணும், அவங்க தூக்கிருவாங்க. 2023 வாக்குல அபராதம் அதிகபட்சம் ஒரு லட்சம்தான், இது போதாதுன்னு சுப்ரீம் கோர்ட்டே அப்ப சொல்லுச்சு, ஆனாலும் மன்னிப்புக் கேக்க வச்சிருக்காங்க, வீடியோவ எடுக்க வச்சிருக்காங்க.

நான் இதெல்லாம் படிச்சுத் தெரிஞ்சுட்டு மாமாகிட்ட சொல்லப் போறதுக்குள்ள பதினொரு நாள் ஆயிருச்சு. அவரு அலட்டிக்கல. இப்பெல்லாம் மைக் நீட்டுனா, "142 அடி தேக்கணும், மேல இருக்கிற சனமும் நல்லா இருக்கணும்" ஒரே மூச்சுல சொல்லிட்டு வரப்புல எறங்கிருவாரு. போன சீசன்ல வந்த ஒரு ரிப்போர்ட்டர் பையன் "ஐயா, இன்னும் கொஞ்சம் ஆவேசமா"ன்னு கேட்டானாம். மாமா மம்பட்டிய அவன் கையில குடுத்து, "மடைய வெட்டி விடு தம்பி, ஆவேசம் தானா வரும்"னாராம். அது டிவில வரல.