வெளிநாட்டு வீரரைக் கல்லூரிக் கூடைப்பந்து அணிக்குக் கொண்டுவருவது எப்படி? புதிய பயிற்சியாளருக்கு ஒரு வழிமுறை

அமெரிக்காவில் டிவிஷன் 1 (கல்லூரி விளையாட்டின் உச்ச நிலை) ஆண்கள் அணி ஒன்றில் உதவிப் பயிற்சியாளராகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். தலைமைப் பயிற்சியாளர் கூப்பிட்டு, "வெளிநாட்டுப் பையன்களை இனி நீ பார்த்துக்கொள்" என்கிறார். எங்கே தொடங்குவது? ஆட்டத்தைப் பார்க்கத் தெரிந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். வீரரின் பள்ளிச் சான்றிதழ், விசா, பணம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் குறைவு. அதனால் இந்த வழிமுறையில் ஆட்டத்தைவிட அவற்றுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். பெண்கள் அணிக்கும் பெரும்பகுதி பொருந்தும், தொடர்புகொள்ளும் தேதிகள் மட்டும் வேறு.

படி 1: ஒரு நாட்டைத் தேர்ந்தெடுங்கள்

உலக வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு பத்து நாடுகளுக்கு மின்னஞ்சல் அனுப்பாதீர்கள். கலிபோர்னியாவின் மொராகா ஊரில் இருக்கும் செயின்ட் மேரிஸ் சிறிய கல்லூரிதான். 2000-01 பருவத்தில் அதன் அணி 2 ஆட்டங்களில் வென்று 27-இல் தோற்றது. 2001-இல் பொறுப்பேற்ற ராண்டி பென்னெட் ஆஸ்திரேலியா பக்கம் திரும்பினார். மெல்போர்னின் டேனியல் கிக்கர்ட், அப்புறம் பேட்டி மில்ஸ், மாத்யூ டெல்லவெடோவா, ஜாக் லாண்டேல் என்று வரிசையாக வந்தார்கள். மில்ஸ், டெல்லவெடோவா இருவரும் பின்னாளில் அமெரிக்கத் தொழில்முறை லீகான என்.பி.ஏ.வின் கோப்பையை வென்ற அணிகளில் ஆடினார்கள்.

கான்பெராவில் பயிற்சி பெறும் பதினேழு வயதுப் பையனுக்கு அந்தச் சிறு கல்லூரியின் பெயர் தெரிந்திருந்ததற்குக் காரணம் விளம்பரம் இல்லை. அவனுக்கு முன்னால் போனவர்கள் நன்றாக இருந்தார்கள், அவ்வளவுதான். பையனின் பெற்றோர் உங்களிடம் பேசுமுன் ஏற்கெனவே அங்கே படித்தவனின் பெற்றோரிடம் பேசுவார்கள். ஒரே நாட்டில் ஊன்றி நின்றால்தான் அப்படிப் பேச ஆள் இருப்பார்கள். உங்கள் ஊழியர்களில் யாருக்காவது மொழியோ, பழைய நட்போ, அங்கே ஆடிய அனுபவமோ இருக்கும் நாடாகப் பார்த்துத் தொடங்குங்கள்.

படி 2: வயதுக்கு மீறி ஆடுபவரைத் தேடுங்கள்

உலகக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபாவின் 17, 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைகள், ஐரோப்பிய 16, 18 வயதுக்குட்பட்டோர் போட்டிகள், 2001 முதல் நடக்கும் 'பாஸ்கெட்பால் வித்தவுட் பார்டர்ஸ்' முகாம்கள் ஆகியவை தொடக்கத்துக்குப் போதும். நேரில் போகும் முன் காணொளியில் முழு ஆட்டங்களைப் பாருங்கள். சிறந்த காட்சிகளைத் தொகுத்து அனுப்பும் காணொளியில் எல்லாருமே நட்சத்திரம்தான்.

ஜூனியர் லீகில் ஆட்டத்துக்கு 25 புள்ளி எடுக்கும் பையனைவிட, பெரியவர்களின் இரண்டாம் நிலை லீகில் எட்டு நிமிடம் ஆடி, தவறு செய்யாமல் பெஞ்சுக்குத் திரும்புபவனை நான் முதலில் குறித்துக்கொள்வேன். முப்பது வயது ஆளிடம் தோளில் இடி வாங்கிப் பழகியவன் அவன்.

விதி வித்தியாசங்களையும் மனதில் வையுங்கள். ஃபிபா ஆட்டத்தில் எறிகடிகாரம் (பந்து கிடைத்ததும் வளையத்துக்கு எறிந்தாக வேண்டிய நேரம்) 24 விநாடி, கல்லூரியில் 30. அங்கே பத்து நிமிடக் கால்பகுதிகள் நான்கு, இங்கே ஆண்களுக்கு இருபது நிமிடப் பாதிகள் இரண்டு. மூன்று புள்ளிக் கோடு ஆண்கள் ஆட்டத்தில் 2019-20 முதல் ஃபிபா தூரத்துக்கே வந்துவிட்டதால், அங்கே எறிபவன் இங்கேயும் எறிவான். உயரமான வீரர்களிடம் ஒன்றைக் கவனியுங்கள்: வளையத்தில் பட்டபின் அதன்மேலேயே நிற்கும் பந்தைத் தட்டிவிட ஃபிபா அனுமதிக்கிறது, கல்லூரி விதி அனுமதிக்காது. பல வருடப் பழக்கம் என்பதால் இதை மறக்க வைக்க முழு இலையுதிர் பருவமும் ஆகலாம்.

படி 3: வாக்குக் கொடுக்கும் முன் மதிப்பெண் சான்றிதழைக் கேளுங்கள்

இதுதான் இந்தக் கட்டுரையின் இதயம். பையனைப் பிடித்துவிட்டது என்றதும் ஸ்காலர்ஷிப் பற்றிப் பேச நாக்கு துடிக்கும். பொறுங்கள். கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பு என்.சி.ஏ.ஏ.; இண்டியானாபோலிஸில் உள்ள அதன் தகுதி மையம் தகுதியை உறுதிப்படுத்தாமல் எந்த முதலாண்டு வீரரும் டிவிஷன் 1 களத்தில் இறங்க முடியாது.

கல்வித் தகுதி: ஒன்பதாம் வகுப்பு முதல் பள்ளி முடியும்வரை 16 முக்கியப் பாடங்கள், அவற்றில் 4-க்குக் குறைந்தது 2.3 சராசரி. எஸ்.ஏ.டி., ஏ.சி.டி. என்ற கல்லூரி நுழைவுத் தேர்வுகளின் மதிப்பெண் இப்போது என்.சி.ஏ.ஏ. தகுதிக்குத் தேவையில்லை. எந்த நாட்டின் எந்தச் சான்றிதழ் ஏற்கப்படும் என்பதற்கு என்.சி.ஏ.ஏ. தனியாக ஒரு கையேடு வைத்திருக்கிறது. முதல் வேலையாக அதில் உங்கள் நாட்டின் பக்கத்தை வாசியுங்கள். சான்றிதழ் ஆங்கிலத்தில் இல்லையென்றால் மூல மொழிப் பிரதி, வரிக்கு வரி சான்றளித்த மொழிபெயர்ப்பு இரண்டும் வேண்டும்.

பலர் தடுக்கி விழும் இடம் காலக்கணக்கு. அந்த நாட்டில் பள்ளிப் படிப்புக்கு வழக்கமாக எத்தனை ஆண்டோ, அதற்குள் முடித்த பாடங்களே பொதுவாகக் கணக்கில் வரும். கிளப் பயிற்சிக்காக ஒரு வகுப்பைத் திரும்பப் படித்தவனும், தேசிய அணி முகாமுக்காகத் தேர்வைத் தள்ளிப்போட்டவனும் இங்கே சிக்கிக்கொள்வார்கள். ஆகவே பதினாறு வயதிலேயே மதிப்பெண் பட்டியலை வாங்கிப் பாருங்கள். ஒரு பாடம் குறைந்தால் அப்போது சரிசெய்யலாம், பதினெட்டில் முடியாது.

அடுத்தது விளையாட்டு வரலாறு. பள்ளி முடித்த பிறகு எத்தனை ஆண்டு கிளப்பில் ஆடினார், ஒப்பந்தம் இருந்ததா, எவ்வளவு பணம் வாங்கினார், ஏஜென்ட் உண்டா என்று எல்லாம் கேட்பார்கள். பள்ளி முடிந்து ஓராண்டு வரை சலுகை, அதற்கு மேல் ஆடும் ஒவ்வோர் ஆண்டும் கல்லூரியில் ஆடும் ஆண்டுகளில் ஒன்றைக் குறைக்கும் என்பது நெடுங்காலமாக இருந்துவந்த கணக்கு. அண்மை ஆண்டுகளில் இந்தப் பகுதி வேகமாக மாறிவருகிறது. தொழில்முறை கிளப்புகளில் ஆடியவர்களும் வருகிறார்கள். எனவே நினைவில் இருக்கும் விதியை வைத்துப் பதில் சொல்லாமல், ஒவ்வொரு வீரருக்கும் உங்கள் கல்லூரியின் விதிமுறை அலுவலகத்தில் எழுதிக் கேட்டுப் பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

கிளப் ஒப்பந்தத்தின் முழு நகலையும் கேளுங்கள். ஐரோப்பாவில் சில ஒப்பந்தங்களில், இடையில் விலகினால் கிளப்புக்கு இவ்வளவு தொகை கட்ட வேண்டும் என்ற பிரிவு இருக்கும். அது தெரியாமல் பேச்சை வளர்ப்பது எல்லாருக்கும் வீண்.

படி 4: குடும்பத்தோடு பேசுங்கள்

பத்தாம் வகுப்பு முடிந்த ஆண்டின் ஜூன் 15 முதல் வீரரோடு தொலைபேசியிலும் செய்தியிலும் பேசலாம். நேரில் சந்திக்க அனுமதிக்கும் நாட்கள் தனி, அந்த அட்டவணையைச் சுவரில் ஒட்டிவையுங்கள். நேர வித்தியாசத்தைப் பார்த்து அழையுங்கள். அவர்கள் இரவு உணவு முடிக்கும் நேரம் உங்களுக்குக் காலை ஆறு மணி என்றால், நீங்கள்தான் எழ வேண்டும்.

முடிவெடுப்பவர் யார் என்று சீக்கிரம் கண்டுபிடியுங்கள். சில வீடுகளில் அம்மா, சில இடங்களில் கிளப் இயக்குநர், சில இடங்களில் முதல் பயிற்சியாளர். யாராக இருந்தாலும் கெட்ட செய்தியையும் சேர்த்தே சொல்லுங்கள்: முதலாண்டில் அதிகம் ஆட வாய்ப்பில்லை, குளிர் கடுமை, ஊர் சிறியது. கடல் கடந்து பிள்ளையை அனுப்புகிறவர்களிடம் மறைப்பது பெரிய தவறு. பயிற்சியாளரே வேறு கல்லூரிக்குப் போய்விடக்கூடும் என்பதையும் நான் சொல்லச் சொல்வேன்.

படி 5: பணத்தை உடைத்துச் சொல்லுங்கள்

முழு ஸ்காலர்ஷிப் என்றால் கல்விக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, புத்தகங்கள் எல்லாம் சேரும். ஆனால் தங்குமிடம், சாப்பாட்டுக்கான பகுதிக்கு வெளிநாட்டு மாணவரிடம் பொதுவாக 14 சதவீத வரி பிடிப்பார்கள். நாடுகளுக்கிடையிலான வரி ஒப்பந்தத்தைப் பொறுத்து இது மாறலாம். முதல் பருவத்தில் இந்தத் தொகை திடீரென்று குடும்பத்தின் தலையில் விழக்கூடாது.

பெயர், உருவ உரிமை மூலம் (விளம்பரங்களில் தோன்றி) சம்பாதிப்பது இன்னும் சிக்கல். பெரும்பாலான வெளிநாட்டு மாணவர்கள் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வருகிறார்கள், அதில் வேலை செய்வதற்குக் கடும் கட்டுப்பாடு உண்டு. கனடாவைச் சேர்ந்த ஜாக் ஈடி, பர்டூ பல்கலைக்கழகத்தில் இரண்டு முறை நாட்டின் சிறந்த கல்லூரி வீரர் விருது வாங்கியவர். சக அமெரிக்க வீரர்கள் போல விளம்பர ஒப்பந்தங்களில் அவரால் சம்பாதிக்க முடியவில்லை. காங்கோவின் ஆஸ்கர் ஷீப்வே, 2022-இல் கென்டக்கி அணி பஹாமாஸ் போனபோது, அமெரிக்க மண்ணுக்கு வெளியே அந்த விளம்பர வேலைகளை முடித்துக்கொண்டார்.

2025-26 முதல் கல்லூரிகள் தங்கள் விளையாட்டு வருமானத்தில் வீரர்களுக்கு நேரடியாகவே பங்கு தரலாம். ஒரு கல்லூரிக்கு எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து முதலாண்டு உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். அதற்கு முந்தைய ஆண்டே ரியல் மாட்ரிட்டின் யெகோர் டெமின் பி.ஒய்.யு.வுக்கும் (பிரிகாம் யங் பல்கலைக்கழகம்), பார்சிலோனாவின் காஸ்பாரஸ் யாகுசியோனிஸ் இல்லினாய்ஸுக்கும் வந்திருந்தார்கள். பணத்தைச் சொல்லி அழைப்பது இப்போது சுலபம். விசாவைக் கெடுக்காமல் அந்தப் பணத்தைக் கொடுப்பதுதான் கடினம். குடியேற்றச் சட்ட வழக்கறிஞர் ஒப்புக்கொள்ளாத எந்தத் தொகையையும் வாயால் சொல்லாதீர்கள்.

படி 6: விசா

கல்லூரியில் அனுமதி, ஐ-20 படிவம் (மாணவர் விசாவுக்காகக் கல்லூரி தரும் சான்று), 350 டாலர் செவிஸ் கட்டணம் (வெளிநாட்டு மாணவர் பதிவுக் கட்டணம்), தூதரக நேர்காணல் என்ற வரிசையில் நடக்கும். ஐ-20-இல் உள்ள தொடக்கத் தேதிக்கு 30 நாளுக்கு மேல் முன்னதாக நாட்டுக்குள் நுழைய முடியாது. கோடைப் பயிற்சிக்கு ஜூனில் ஆள் வேண்டும் என்றால், கோடைப் பருவத்துக்கே அனுமதி போட்டு ஐ-20 வாங்குங்கள்.

அரசியலும் குறுக்கே வரும். 2025 ஏப்ரல் 5 அன்று தெற்கு சூடான் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களின் விசாக்களை ரத்து செய்வதாக அமெரிக்க அரசு அறிவித்தது. அதே நாளில் தெற்கு சூடானின் கமான் மலுவாச் டியூக் பல்கலைக்கழக அணிக்காக ஃபைனல் ஃபோர் (கல்லூரிகளின் தேசியப் போட்டி அரையிறுதி) ஆட்டத்தில் இருந்தார். உங்கள் நாட்டுக்கான விசா நிலவரத்தை மாதம் ஒருமுறையாவது பாருங்கள்.

படி 7: வந்து இறங்கிய பிறகு

விமான நிலையத்துக்கு நீங்களே போங்கள். வங்கிக் கணக்கு, சிம் கார்டு, குளிர் உடை ஆகியவை முதல் வாரத்திலேயே முடியட்டும். இவற்றில் என்ன வாங்கித் தரலாம், என்ன கூடாது என்று விதிமுறை அலுவலகத்தில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பாடத்தேர்வில் கல்வி ஆலோசகரோடு உட்காருங்கள். இளங்கலை எஃப்-1 மாணவர் வழக்கமான பருவத்தில் குறைந்தது 12 கிரெடிட் (பாட அளவு) எடுக்க வேண்டும், அதில் ஒரே ஒரு ஆன்லைன் பாடம்தான் கணக்கில் சேரும். பயண நாட்களுக்காக அமெரிக்க வீரர்கள் ஆன்லைன் பாடங்களாக அடுக்குவார்கள். அதைப் பார்த்து இவனும் அடுக்கினால், அல்லது பருவத்தின் நடுவில் ஒரு பாடத்தை விட்டு 12-க்குக் கீழே போனால், விசா நிலையே போய்விடும்.

கோடையில் தேசிய அணிக்கு ஆடப் போகிறான் என்றால், கிளம்பும் முன் ஐ-20-இல் பயணக் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். படிக்கும் காலத்தில் அது ஓராண்டுக்குச் செல்லும். விசா முத்திரையின் கடைசித் தேதியையும் அப்போதே பார்த்துவிடுங்கள். அது காலாவதியாகியிருந்தால், போட்டி முடிந்ததும் திரும்பி வருமுன் தூதரக நேர்காணலுக்கு மறுபடி நேரம் வாங்க வேண்டியிருக்கும்.