பரெய்ராவை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆறு கால்பந்து உலகக் கோப்பைகளில் ஐந்து நாடுகளுக்குப் பயிற்சியாளராக இருந்தவர் பிரேசிலின் கார்லோஸ் ஆல்பர்ட்டோ பரெய்ரா. இப்படி நாடு நாடாகப் போனவரைப் பற்றிப் பேசும்போது பலர் வெற்றி தோல்விக் கணக்கை மட்டும் பார்த்துத் தீர்ப்பு சொல்லிவிடுகிறார்கள். கையில் இருந்தது எந்த அணி என்று பார்ப்பதே இல்லை.

முதலில் ஒரு பெயர்க் குழப்பம். 1970-இல் கோப்பையைத் தூக்கிய கேப்டன் கார்லோஸ் ஆல்பர்ட்டோ வேறு ஆள். பரெய்ராவும் அந்த அணியோடு இருந்தார், உடற்பயிற்சி பார்த்துக்கொண்டார். தொழில்முறை ஆட்டக்காரராக அவர் இருந்ததே இல்லை.

1990-இல் ஐக்கிய அரபு அமீரகத்தைத் தகுதிபெற வைத்ததும் இவர்தான் என்று எழுதிவிடாதீர்கள். அது இன்னொரு பிரேசில் பயிற்சியாளரான ஸகாலோவின் வேலை. பரெய்ரா பொறுப்பேற்று ஆடிய உலகக் கோப்பையில் அணி மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. குவைத்தோ முழுக்க இவருடைய உழைப்பு: 1980-இல் ஆசியக் கோப்பை, 1982-இல் முதல் உலகக் கோப்பை, அங்கே செக்கோஸ்லோவாக்கியாவுடன் 1-1 டிரா. பிரான்ஸ் ஆட்டத்தில் ஒரு கோலை எதிர்த்துக் குவைத் ஷேக் மைதானத்துக்குள் இறங்கியதைச் சொல்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

எனக்கு அதிகம் வலிப்பது, பரெய்ராவின் பயிற்சியில் 1994 உலகக் கோப்பையை வென்ற பிரேசிலை 'சலிப்பூட்டும் அணி' என்று ஒதுக்குவது. அதற்கு முன் 24 வருடமாகக் கோப்பை இல்லாத நாடு அது. தகுதிச் சுற்றில் பொலிவியாவிடம் தோற்று, கடைசி ஆட்டத்தில் உருகுவேயிடமும் தோற்றால் தகுதியே போய்விடும் என்ற நிலை. ஒதுக்கி வைத்திருந்த முன்கள வீரர் ரொமாரியோவை அப்போதுதான் திரும்ப அழைத்தார் பரெய்ரா. ரியோவின் மரக்கானா மைதானத்தில் 2-0 வெற்றி, இரண்டு கோலும் ரொமாரியோ அடித்தவை. உலகக் கோப்பையில் நடுவில் டுங்காவும் மவுரோ சில்வாவும் காவல் நிற்க, அந்தத் தைரியத்தில் பக்கவாட்டுத் தடுப்பாட்டக்காரர்கள் முன்னேறினார்கள். ஸ்வீடனுடனான அரையிறுதியைப் பாருங்கள். 80-ஆவது நிமிடம், வலது பக்கத்திலிருந்து ஜோர்ஜினோ தூக்கிப் போடுகிறார். நெட்டையான ஸ்வீடன்காரர்களுக்கு நடுவே குள்ளமான ரொமாரியோ எம்பித் தலையால் முட்டுகிறார். கோல்! ஏழு ஆட்டங்களில் அந்த அணி வாங்கியது மூன்றே கோல்; அந்தக் காவல்தான் முன்னேறித் தாக்கவும் வழி விட்டது. பதுங்கி ஆடிய அணி என்று இதை எப்படிச் சொல்வது?

சரி, 2010? உலகக் கோப்பையை நடத்திய நாடுகளில் முதல் சுற்றிலேயே வெளியேறிய முதல் அணி, இவர் பயிற்சி கொடுத்த தென்னாப்பிரிக்கா என்பது உண்மைதான். ஆனால் பிரான்ஸை 2-1 என்று வென்று, மெக்சிகோவைப் போலவே 4 புள்ளிகள் எடுத்து, கோல் வித்தியாசத்தில்தான் போனது.

அப்புறம், தேசிய அணிகளோடு பட்டியலை முடித்துவிடுவதும் தவறு. 1984-இல் ஃப்ளுமினென்ஸை பிரேசில் சாம்பியனாக்கியவர் இவர். அதே கிளப் மூன்றாம் டிவிஷனுக்கு விழுந்து கிடந்தபோது, உலகக் கோப்பை வென்ற பிறகும் அங்கே திரும்பிப் போய் 1999-இல் அந்த டிவிஷனை வென்று கொடுத்தார்.