நீலகிரியில் மிட்வைஃபரி நர்ஸாக வேலை பார்க்க: தவிர்க்க வேண்டிய தவறுகள்

'நர்ஸ் பிராக்டிஷனர்' (கூடுதல் பயிற்சியும் பொறுப்பும் உள்ள நர்ஸ்) என்ற பெயரைப் பார்த்ததுமே விண்ணப்பம் போட்டுவிடாதீர்கள். இந்தியாவில் அந்தப் பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உண்டு. கிரிட்டிக்கல் கேர் பிரிவு 2 ஆண்டு முதுநிலைப் படிப்பு, ஐ.சி.யூ.வுக்கானது. பந்தலூர் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவம் பார்க்க நினைப்பவருக்கு அது பொருந்தாது. மிட்வைஃபரி (பேறுகாலப் பராமரிப்பு) பிரிவு, மத்திய அரசின் 2018 வழிகாட்டுதலின்படி, 18 மாதப் பயிற்சி. சிக்கலில்லாத பிரசவங்களை நர்ஸ் பொறுப்பிலேயே நடத்துவதற்கானது. அதற்குப் பிரசவ அறை அனுபவம் கேட்பார்கள் என்பதால், ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமா) அல்லது பி.எஸ்சி. நர்சிங் முடித்ததும் லேபர் வார்டு டியூட்டியைக் கேட்டு வாங்குங்கள்.

கூடலூர்ப் பிள்ளைகள் பலர் மைசூரிலும் வயநாட்டிலும் படிக்கிறார்கள். அந்த மாநிலக் கவுன்சில் பதிவை மட்டும் வைத்துக்கொண்டு இங்கே வேலைக்கு அலைவதில் பயனில்லை. தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலில் பதிவை மாற்றிக்கொண்ட பிறகு விண்ணப்பியுங்கள்.

அமெரிக்காவில் பல மாநிலங்களில் நர்ஸ் பிராக்டிஷனர் தன் கையெழுத்திலேயே மருந்துச் சீட்டு எழுதலாம். யூடியூபில் அதைப் பார்த்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று எண்ணக் கூடாது. மருத்துவ அலுவலர் கையெழுத்திட்ட ஸ்டாண்டிங் ஆர்டர் (டாக்டர் இல்லாதபோதும் நர்ஸ் மருந்து கொடுக்க முன்கூட்டியே தரும் எழுத்து அனுமதி) எதற்கெல்லாம் இருக்கிறது என்று சேர்ந்த வாரமே கேட்டு, லேபர் ரூம் சுவரில் ஒட்டிவிடுங்கள். போனில் டாக்டர் டோஸ் சொன்னால் திருப்பிச் சொல்லி உறுதி செய்து, நேரத்தோடு கேஸ் ஷீட்டில் எழுதி, அவர் வந்ததும் கையெழுத்து வாங்குங்கள். பிரச்சினை வரும்போது அந்த ஒரு வரிதான் உங்களைக் காப்பாற்றும்.

கிராம சுகாதார செவிலியரைப் போட்டியாகப் பார்ப்பது சின்னத்தனம், நஷ்டமும் உங்களுக்குத்தான். எந்த லைன் வீட்டில் (எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீட்டில்) யாருக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது, எந்தப் பாடியில் (குடியிருப்பில்) மாமியார் சம்மதம் வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். செக்கப் நேரத்தையும் அவரைக் கேட்டே வையுங்கள். காலை பத்து மணிக்கு வைத்தால் இலை பறிக்கும் பெண்ணுக்கு அன்றைய கூலி போய்விடும். அந்தப் பெண் வராததை அலட்சியம் என்று பதிவேட்டில் எழுதுவது அநியாயம்.

இந்த மலையில் தனியாகக் கற்க வேண்டியது அரிவாள் செல் நோய் (சிவப்பணுக்கள் அரிவாள் வடிவில் வளையும் பரம்பரை இரத்த நோய்). பணியர், குறும்பர், இருளர் தாய்மார்களிடம் இது காணப்படுகிறது. ஹீமோகுளோபின் 7.5 என்றதும் அயர்ன் சுக்ரோஸ் (இரும்புச்சத்து ஊசி மருந்து) ஏற்றுவது வழக்கமான தவறு. இந்நோயில் சிவப்பணுக்கள் சீக்கிரம் உடைவதால்தான் இரத்தம் குறைகிறது. இரும்பு உடலில் போதுமான அளவு இருக்கலாம், மேலும் ஏற்றினால் தேங்கும். முதலில் சொல்யூபிலிட்டி பரிசோதனை (முதல்கட்ட இரத்தச் சோதனை), பாசிட்டிவ் என்றால் ஹெச்.பி.எல்.சி. (நோயா, கேரியரா என்று உறுதி செய்யும் சோதனை) முடிவு, பிறகு ஃபெரிட்டின் (உடலில் உள்ள இரும்புச் சேமிப்பு) பார்த்து டாக்டர் தீர்மானிக்கட்டும். கேரியராக (நோயில்லாமல் அதன் மரபணுவைச் சுமப்பவராக) மட்டும் இருப்பவருக்குச் சாதாரண இரும்புக் குறைபாடும் வரலாம், அவருக்கு மாத்திரையை நிறுத்துவதும் தவறுதான். நோய் உள்ளவரைக் குளிரிலும் தண்ணீர் குடிக்காமலும் காக்க வைத்தால் வலி நெருக்கடி கிளம்பிவிடும்.

ஊட்டி குளிர்தானே என்று ஆக்ஸிடோசினை (கருப்பையைச் சுருங்க வைக்கும் ஊசி மருந்தை) மேசையில் விடாதீர்கள். அதற்கு 2 முதல் 8 டிகிரி தேவை, ஹீட்டர் போட்ட அறை அந்தக் கணக்கில் வராது.

அதிகம் தவறுவது ரெஃபரலில் (பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதில்). பார்டோகிராமில் (பிரசவ முன்னேற்றத்தைக் குறிக்கும் வரைபடத்தில்) அலர்ட் (எச்சரிக்கை) கோட்டுக்கும் ஆக்ஷன் (நடவடிக்கை) கோட்டுக்கும் இடையே 4 மணி நேரம். கூடலூரிலிருந்து ஊட்டிக்கு ஏறக்குறைய 50 கி.மீ. நடுவட்டம் வழியாக ஏற வேண்டும். மழைக்காலத்தில் மரம் விழுந்தாலோ மண் சரிந்தாலோ அந்த 4 மணி நேரமும் ரோட்டிலேயே கழிந்துவிடும். வரைகோடு அலர்ட் கோட்டைத் தாண்டியதுமே 108-ஐ அழையுங்கள். வண்டி வருவதற்குள் போகும் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, மயக்க மருந்து டாக்டர் இருக்கிறாரா, இரத்தம் இருக்கிறதா என்று கேளுங்கள். சேரம்பாடி போன்ற எல்லை ஊர்களுக்குச் சுல்தான் பத்தேரி பக்கமே கிட்டம் என்பதையும் முன்கூட்டியே டாக்டரோடு பேசி வையுங்கள்.

'பி.பி. அதிகம், ரெஃபர்' என்ற சீட்டு குப்பைக்குத்தான் போகும். பி.பி. 170/110, ஃபிட்ஸ் வந்தது 9.40 என்றால், கொடுத்த மக்னீசியம் சல்ஃபேட்டை (ஃபிட்ஸைக் கட்டுப்படுத்தும் மருந்தை) முழுதாக எழுதுங்கள்: 50 சதவீத ஆம்பூல் 4 (8 மி.லி.) உடன் 12 மி.லி. டிஸ்டில்ட் வாட்டர், நரம்பில் மெதுவாக, 9.50, ஒவ்வொரு புட்டத்திலும் 5 கிராம், 10.00. இது எழுதப்படாததால் அங்கே மறுபடி முழு லோடிங் டோஸ் (தொடக்க அளவு) போட்டுவிட்டால் மூச்சு அடங்கலாம். வண்டி கிளம்புமுன் முழங்கால் ரிஃப்ளெக்ஸ், மூச்சு எண்ணிக்கை, சிறுநீர் அளவு மூன்றையும் குறித்துவிட்டு, 10 மி.லி. கால்சியம் குளுக்கோனேட் (மக்னீசியம் அதிகமானால் கொடுக்கும் மாற்று மருந்து) ஆம்பூலும் சிரிஞ்சும் கூடப் போகும் நர்ஸ் கையில் இருக்கிறதா என்று பாருங்கள்.