“வீட்ல சும்மாதான் இருக்கேன்”: வேலைக் கணக்கெடுப்பில் நாம் செய்யும் தவறுகள்

காசிமேட்டில் வாசலிலேயே இட்லிக் கடை போட்டிருக்கும் ஒரு வீடு. மருமகள் நாலு மணிக்கே எழுந்து சட்னி அரைத்து, பத்து மணி வரை மாமியாரோடு கடையில் நிற்கிறார். கணக்கெடுக்க வந்தவர் கேட்டால் என்ன சொல்வார்? “வேலைக்கெல்லாம் போகல சார், வீட்ல சும்மாதான் இருக்கேன்.”

முதல் தவறு இதுதான். மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் 2017 ஏப்ரலில் தொடங்கிய பி.எல்.எஃப்.எஸ். (யார் வேலையில் இருக்கிறார், யார் தேடுகிறார் என்று அளக்கும்) கணக்கெடுப்பில், குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் கைகொடுப்பவரும் வேலை செய்பவரே. “சும்மா” என்ற பதிலை அப்படியே எழுதிக்கொண்டால் அவர் வீட்டு வேலை மட்டும் பார்ப்பவர் ஆகிவிடுவார். வேலையில்லாதவர் கணக்கில்கூட ஏறமாட்டார். நல்ல கணக்கெடுப்பாளர் “கடையில எவ்ளோ நேரம் நிப்பீங்க?” என்று தோண்டுவார். எல்லாரும் தோண்டுவார்கள் என்று நம்பாமல் நாமே சொல்லிவிடலாம்.

அடுத்தது, சதவீதத்தைத் தப்பாகப் படிப்பது. ஒரு தெருவில் 15 வயதைத் தாண்டியவர்கள் 100 பேர் என்று வையுங்கள். 40 பேர் வேலை செய்கிறார்கள், 5 பேர் தேடுகிறார்கள், மீதி 55 பேர் மாணவர்கள், இல்லத்தரசிகள், முதியவர்கள். வேலையின்மை 60 சதவீதமும் இல்லை, 5 சதவீதமும் இல்லை. வேலை செய்கிறவர்களும் தேடுகிறவர்களும் சேர்ந்த 45 பேரில் 5 பேர், அதாவது சுமார் 11 சதவீதம். தேடியவர்களில் ஒரு பையன் அலுத்துப்போய் ‘இனி வேலையே வேண்டாம்’ என்று உட்கார்ந்துவிட்டால் அது 44-இல் 4, அதாவது 9 சதவீதமாகிறது. ஒருத்தருக்கும் வேலை கிடைக்கவில்லை, ஆனால் எண் இறங்கிவிட்டது!

அப்புறம், எந்தக் காலத்தைப் பற்றிய கேள்வி என்று பாருங்கள். வருடக் கணக்கு கடந்த 365 நாளைப் பார்க்கும். வாரக் கணக்கு கடந்த 7 நாளை. ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலே போதும், வாரக் கணக்கில் அவர் வேலையில் உள்ளவர். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. விசைப்படகுக் கூலித் தொழிலாளி வருடக் கணக்கில் வேலையில் இருப்பவர்தான். மே மாதம் கூலி தேடி ஒன்றும் கிடைக்காத வாரத்தில் அவரே வேலையில்லாதவர். அதே வாரம் ஒரு மணி நேரம் கூலிக்கு வலை பின்னினால் மறுபடி வேலையில் உள்ளவர்! வயிறு நிறைந்ததா என்பதை அந்த ஒரு மணி நேரம் சொல்லாது. 2025 முதல் மாதாமாதம் வெளிவரும் எண்கள் வாரக் கணக்கு. அதைப் பழைய வருடக் கணக்கோடு ஒப்பிட்டு ‘கூடிடுச்சு’, ‘குறைஞ்சிடுச்சு’ என்பது மத்தியையும் வஞ்சிரத்தையும் ஒரே கூடையில் கொட்டி விலை சொல்வதுபோல.

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு வேறு, இந்தக் கணக்கெடுப்பு வேறு. பதிந்தவர்களில் பலர் இப்போதே எங்கோ வேலை பார்க்கிறவர்கள்.

இன்னொன்று. இந்தக் கணக்கெடுப்பு வீடு வீடாக எல்லாரையும் எண்ணுவதில்லை, தேர்ந்தெடுத்த சில வீடுகளைக் கேட்பது. ‘தண்டையார்பேட்டையில் இத்தனை சதவீதம் வேலையில்லை’ என்று வாட்ஸ்அப்பில் வந்தால், அங்கே எத்தனை வீட்டில் கேட்டார்கள் என்று அனுப்பியவரைத் திருப்பிக் கேளுங்கள்.