தையல் டேப்பை எடுத்து இடுப்பை அளந்து பாருங்கள்
கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவில், சாதாரணமாக மூச்சை விட்டதும் அளக்க வேண்டும். வயிற்றை எக்க வேண்டாம். பேன்ட் சைஸை நம்பாதீர்கள், அதைத் தொப்பைக்குக் கீழேதான் போடுகிறோம்.

நம்மவர்களில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. அப்புறம் பழைய ரிப்போர்ட்டையும் பாருங்கள்: ரத்த அழுத்தம் 130/85, வெறும் வயிற்றுச் சர்க்கரை 100, டிரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள ஒரு வகைக் கொழுப்பு) 150 தொட்டிருக்கிறதா? நல்ல கொழுப்பு (HDL) ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50க்குக் கீழே இருக்கிறதா? இடுப்பையும் சேர்த்து இந்த ஐந்தில் மூன்று சேர்ந்தால் மெட்டபாலிக் சிண்ட்ரோம், அதாவது சர்க்கரை நோய், இதய நோய் வரும் வாய்ப்பைக் கூட்டும் நிலை. ஒவ்வொன்றையும் 'கொஞ்சம்தானே கூட' என்று விட்டுவிடுகிறோம், அதுதான் ஆபத்து. ஐந்தையும் சேர்த்தே டாக்டரிடம் காட்டுங்கள். சோற்றைக் குறைத்து காய், சுண்டலைக் கூட்டுங்கள். சாப்பிட்டதும் உட்காராமல் கொஞ்ச நேரம் நடங்கள். எடையில் 5 சதவீதம் குறைந்தாலே இந்த அளவுகள் சீராகத் தொடங்கும்.