கூச்சமில்லாமல் கச்சேரி பிடிப்பது எப்படி: தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக்காரர்களுக்கு

நம்ம இரண்டு மாவட்டத்திலும் நன்றாகப் பாடுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பாலக்கோட்டிலோ ஊத்தங்கரையிலோ ஒரு ரிசப்ஷன் என்றால் சேலத்திலிருந்து ஒரு குழு வேன் எடுத்து வந்து பாடிவிட்டுப் போகிறது. ஏன் என்று உள்ளூர் ஆளைக் கேட்டால், "என்னைப் பத்தி நானே எப்படிங்க சொல்லிக்கிறது" என்பார்.

"நான் அருமையாகப் பாடுவேன்" என்று சொல்லிக்கொள்ளத்தான் கூச்சம் வரும். "நாங்கள் ஆறு பேர், கீபோர்டு, ரிதம் பேட், தபேலா, ஒரு ஆண் குரல், ஒரு பெண் குரல், சவுண்டு செட் எங்களுடையதே, மூன்று மணி நேரம், இவ்வளவு ரூபாய்" என்று சொல்வதில் என்ன கூச்சம்? கல்யாண வீட்டுக்காரர் கேட்கப்போவதும் இதைத்தான். முதல் வேலையாக இதை நாலு வரியில் எழுதி போனில் வைத்துக்கொள்ளுங்கள், யார் விசாரித்தாலும் அதையே அனுப்புங்கள். ரேட்டை மறைக்காதீர்கள். "பார்த்துப் போட்டுக் கொடுங்கண்ணா" என்று ஆரம்பித்தால் பேரம் அங்கேயே தொடங்கிவிடும்.

அந்த நாலு வரியில் மொழியும் இருக்கட்டும். ஓசூர், தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரி பக்கம் ஒரே மண்டபத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசும் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பாட்டிக்கு ஒரு பழைய தெலுங்குப் பாட்டும், பெங்களூரிலிருந்து வந்த நண்பர்களுக்கு இரண்டு கன்னடப் பாட்டும் உச்சரிப்புப் பிசகாமல் பாடுகிற குழுவை எளிதில் மறக்க மாட்டார்கள். வெளியூர்க் குழுவிடம் இது சுலபத்தில் கிடைக்காது, நமக்கோ தெருவிலேயே பழகிய மொழிகள்.

அப்புறம், யாரிடம் சொல்வது? ஊர் முழுக்க போஸ்டர் ஒட்டத் தேவையில்லை. மண்டப மேனேஜர், பந்தல்காரர், சமையல் கான்ட்ராக்டர், போட்டோகிராபர், சவுண்டு சர்வீஸ்காரர் ஆகியோரிடம்தான் "நல்ல ஆர்க்கெஸ்ட்ரா இருந்தா சொல்லுங்க" என்று கேட்பார்கள். நேரில் போய், டீ குடித்து, நம்பரைக் கொடுங்கள். போட்டோகிராபருக்கு எந்த நேரத்தில் என்ன பாட்டு என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவர் வீடியோவும் நன்றாக வரும், அடுத்த வீட்டில் அவரே உங்கள் பெயரைச் சொல்வார்.

வீடியோ விஷயத்தில் ஒரு கறார்: போனை ஸ்பீக்கர் முன்னால் நீட்டி எடுத்ததைப் போடவே போடாதீர்கள். பேஸ் உடைந்து, குரல் எங்கோ கிணற்றுக்குள் கேட்கும். மிக்சரிலிருந்து ஒரு லைன் எடுத்துத் தனியாகப் பதிவு செய்து, பிறகு படத்தோடு சேருங்கள். ஒரு நிமிடத்துக்குள் இருக்கட்டும், வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டுவிட்டு ஸ்டேட்டஸிலும் யூடியூபிலும் போடுங்கள். சினிமாப் பாட்டு என்றால் பெரும்பாலும் இசை நிறுவனம் உரிமை கோரும், விளம்பர வருமானம் அவர்களுக்குப் போகும். போகட்டும், அந்த வீடியோ நமக்கு விசிட்டிங் கார்டு மட்டுமே.

காசு வர வேண்டுமென்றால் சொந்தப் பாட்டு வேண்டும். உங்கள் ஊர் அம்மனுக்கு ஒரு பாட்டு எழுதி மெட்டுப் போடுங்கள், பிடித்துவிட்டால் ஒவ்வொரு திருவிழாவுக்கும் குழாய் ஸ்பீக்கரில் அதுதான் ஓடும். எழுதியவரும் இசையமைத்தவரும் ஐபிஆர்எஸ்ஸில் (பாட்டைப் பயன்படுத்துகிறவர்களிடம் ராயல்டி, அதாவது உரிமைத் தொகை, வசூலித்துத் தரும் காப்புரிமைச் சங்கம்) உறுப்பினராகிப் பாட்டைப் பதிவு செய்யலாம். 2012-ல் காப்புரிமைச் (காப்பிரைட்) சட்டம் திருத்தப்பட்ட பிறகு, அவர்களுக்கு உரிய ராயல்டி பங்கை வாரிசுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக்கொடுக்க முடியாது. "மொத்தமா எழுதிக் கொடுத்துடு தம்பி" என்று யாராவது பத்திரம் நீட்டினால் இதை நினைவில் வையுங்கள்.

மேடையில் சினிமாப் பாட்டு பாடலாமா என்று பலருக்குப் பயம். மதச் சடங்குக்கும், கல்யாண ஊர்வலம் உள்ளிட்ட திருமணக் கொண்டாட்டங்களுக்கும் அந்தச் சட்டத்தின் 52-வது பிரிவிலேயே விலக்கு இருக்கிறது. ஓட்டல் புத்தாண்டு இரவு, ஓசூர் கம்பெனி ஆண்டு விழா இதெல்லாம் வேறு கதை, லைசென்ஸ் வேண்டும். அது நடத்துகிறவர் பொறுப்பு என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது என்பதால் அந்த மாதங்களுக்குத் தனியாகத் திட்டம் வேண்டும். ஆடியில் அம்மன் கோயில்கள், ஒகேனக்கல் ஆடிப்பெருக்கு. கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பஜனை. இவை போக, தைப்பூசத்துக்குத் தர்மபுரி குமாரசாமிப்பேட்டை முருகன் கோயில் தேர். கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சியிலும் கலை நிகழ்ச்சி உண்டு, ஆனால் தேதி அறிவித்த பிறகு ஓடாதீர்கள், அதற்குள் பட்டியல் முடிந்திருக்கும். இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு, அதையும் கமிட்டியிடம் முதலிலேயே பேசிவிடுங்கள், இல்லையென்றால் போலீஸ் வரும்போது மைக் பிடித்திருப்பவர் நீங்கள்தான்.

கணக்கு. உத்யம் பதிவு (சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இலவசம், ஆதாரும் பான் கார்டும் இருந்தால் ஆன்லைனில் நீங்களே செய்யலாம், ஏஜென்டுக்குக் காசு கொடுக்காதீர்கள். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. பம்பை, மேளம் வாசிக்கும் நாட்டுப்புறக் கலைஞர்கள் தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் சேர்ந்துகொள்ளுங்கள்.

முக்கியமாக, உடன் வாசித்தவர்களுக்குச் சம்பளத்தை அன்றிரவே, வேன் ஏறும் முன் கொடுத்துவிடுங்கள். நாளைக்குத் தருகிறேன் என்கிற குழுவில் நல்ல தபேலாக்காரர் தங்க மாட்டார். அதற்கு உங்கள் கையில் பணம் இருக்க வேண்டும் இல்லையா, ஆகவே தேதியை உறுதி செய்யும்போது பாதி அட்வான்ஸ், மீதி மேடை ஏறும் முன். கச்சேரி முடிந்து பந்தி நடக்கும் நேரத்தில் பெண்ணின் அப்பாவைத் தேடிப்பிடித்துக் காசு வாங்குவது என்பது அவருக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம்.